பழைய கொக்கி

மஞ்சள் சட்டை கைக்கு வந்தபோதுதான் கிளிஃப் ஆக்டனுக்கு உறைத்தது. இன்று அவன் ஆட வேண்டியது நீலச் சட்டையில்.

கால்பந்தில் தடுப்பாட்டம் ஆடியே தலை நரைத்த மனிதன். வடக்கு இங்கிலாந்தின் சின்ன ஊர்க் கிளப்புகளில் பாதிக்கு ஆடிவிட்டான். இந்தக் கிரேன்பெக்கும் அவனுடைய பழைய கிளப்தான். இன்று எதிர் அணியான ஸ்டோன்ஹோமுக்கு ஆட வந்தவனை, கால்கள் பழக்கதோஷத்தில் கிரேன்பெக்கின் உடை மாற்றும் அறைக்கே இழுத்துவந்து, அந்நாளில் அவன் சட்டை மாட்டிய பழைய கொக்கிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டன.

யாரும் எழுப்பவில்லை. டீ போடும் டோரிஸ் ஒரு கோப்பையை நீட்டினாள். கிரேன்பெக் மேனேஜர் அவன் எதிரிலேயே திட்டம் சொன்னார்.

"கார்னர் கிடைச்சா எல்லாரும் முன் கம்பத்துக்கு ஓடுங்க. பந்து பின் கம்பத்துக்கு வரும்."

கிளிஃபும் தலையாட்டினான். பிறகுதான் கிரேன்பெக்கின் அந்த மஞ்சள் சட்டை கைக்கு வந்தது.

பதறி எழுந்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் ஓடினான்.

"ஆட்டம் முடிஞ்சதும் உன் அடுத்த வருஷத்தப் பத்திப் பேசணும்" என்று அவனுடைய மேனேஜர் மெல்வின் காலையில் சொல்லியிருந்தார். இந்த வயதில் இவரும் கைவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

ஆனாலும் ரகசியத்தை ஒட்டுக்கேட்டதுபோல் மனம் உறுத்தியது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முழங்காலிடுகிறவனுக்குச் சனிக்கிழமை மட்டும் வேறு ஆளாக இருக்கத் தெரியவில்லை. மைதானத்துக்குள் நுழையும்போது கிரேன்பெக் கேப்டன் நைஜெலைப் பிடித்தான்.

"தம்பி, உங்க கார்னர் திட்டத்தைக் கேட்டுட்டேன். மாத்திக்குங்க."

நைஜெல் விழித்தான். "அதுக்கென்ன அண்ணே?"

"மாத்துப்பா, புண்ணியமாப் போகும்!"

மாற்றினார்கள். முதல் கார்னரிலேயே பந்து முன் கம்பத்துக்கு வந்து, கிளிஃபின் முழங்காலில் பட்டு, அவன் காத்த வலைக்குள்ளேயே விழுந்தது.

இடைவேளையில் உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று மெல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மெல்வின் தலையில் அடித்துக்கொண்டார். "எதிரி வீட்டுக்குள்ள போய் ரகசியம் கேட்டுட்டு, அதை அவங்ககிட்டயே ஒப்பிச்சியா? உன்னை வச்சுக்கிட்டு நான்... சரி, முடியட்டும். பேசிக்கிறேன்."

அந்த ஒரு கோலில் தோற்றார்கள். மெல்வின் பேசவில்லை, அவன் முகத்தைப் பார்க்காமல் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

கிளிஃப் மழையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். டோரிஸ் சூடான இறைச்சி பஃப்ஸோடு வந்தாள்.

"எதுக்குத் தம்பி இந்த மூஞ்சி?"

"என் பொழப்பு போச்சு அக்கா. உங்காளுங்க அப்பவே என்னை வெளிய துரத்தியிருக்கலாம்ல?"

"துரத்துறதா? தன் கோப்பையைத் தானே கழுவுற ஒரே ஆட்டக்காரனைத் திரும்பக் கொண்டாங்கன்னு நான்தான் மேனேஜரை நச்சரிச்சேன். போன வாரமே உங்க மெல்வின் கைகுலுக்கி, அடுத்த வருஷத்துக்கு உன்னை எங்களுக்குக் கொடுத்துட்டாரே. இன்னுமா உங்கிட்ட சொல்லல? நாங்க என்னடான்னா, நீ ஆசையில இன்னிக்கே வந்து உக்காந்துட்டன்னுல்ல நெனச்சோம்!"