கோல்கீப்பர் ஊட்டு மாடு

பொய்யே சொல்லாத மனுசன் இந்த உலகத்துல ஒருத்தர்தான் உண்டு. அவரு வடகரப்பதிக்குப் பக்கத்துல எங்க ஊரு பால் சொசைட்டியில டெஸ்டரா இருக்காரு. அந்த ஒரு காரணத்துக்காகவே ஊருல பாதிப் பேருக்கு அவரைக் கண்டா ஆகாது.

பேரு என்னன்னு ரேஷன் கார்டுல பாத்தாத்தான் தெரியும். எங்களுக்கு அவரு மீட்டர்காரரு. பாலுல தண்ணி கலந்திருக்குதான்னு பாக்கற கண்ணாடி மீட்டரு, சட்டைப் பையில பேனா கணக்கா எப்பவும் குத்திக்கிட்டு நிக்கும். கேன்ல இருந்து கொஞ்சம் பாலை எடுத்து, மீட்டரை மெதக்க விட்டு, கண்ணைச் சுருக்கிப் பாத்து நம்பரைச் சொல்லுவாரு. இருபத்தெட்டுன்னா சுத்தமான பாலு. கொறைஞ்சா தண்ணி. "இருபத்தஞ்சுங்க அம்மிணி"ன்னு வரிசையில நிக்கற அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி என்கிட்டச் சொல்லுவாரு. மழை பேஞ்சுதுங்ணா, மாடு ஈரப் புல்ல மேஞ்சுருச்சுங்ணான்னு நானும் என்னென்னமோ சொல்லிப் பாப்பேன். அவரு பாட்டுக்கு அடுத்த கேனைத் தொறப்பாரு.

பாலோட விட்டாலும் பரவால்ல. கண்ணுல பட்டதுக்கெல்லாம் நம்பர் போடுவாரு. கல்யாண ஊட்டு ரசம் இருபத்து நாலு. ஓட்டு கேட்டு வந்தவரு பேச்சு பத்தொம்போது. எங்க கல்யாணத்துல மேடையேறி வந்து, என் ஊட்டுக்காரரு காதுல, "பொண்ணு இருபத்தேழுங்க, மோசமில்ல"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு. பதினாலு வருசமாச்சு. அந்த ஒரு நம்பரு எங்க கொறைஞ்சுதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

இப்பேர்ப்பட்டவருக்கு ஃபுட்பால் பைத்தியம் புடிச்சதுதான் ஆச்சரியம். எங்க பக்கம் உலகக்கோப்பை வந்தா மூலைக்கு மூலை பிரேசில், அர்ஜென்டினான்னு ஃபிளெக்ஸா நிக்கும். அதையெல்லாம் அவரு ஏறெடுத்தும் பாத்ததில்ல. போன்ல மாட்டு வீடியோதான் பாப்பாரு. அப்படிப் பாக்கறப்ப ஸ்காட்லாந்துல ஒரு செம்பட்டைத் தலைக்காரன் பால் கறக்கறது வந்திருக்குது. கறந்து முடிச்சான், கையைக் கழுவுனான், வண்டியேறிப் போயி ஒரு மைதானத்துல கோல்கீப்பரா நின்னான். மஞ்சக்கறுப்பு டீமு. நாலு பேருக்குத் தெரிஞ்ச பெரிய டீமெல்லாம் இல்ல, கீழ்வரிசை. ஒருத்தன் கொத்தனாராம், இன்னொருத்தன் வயரிங் வேலையாம், கோல்கீப்பர் மாட்டுக்காரனாம்.

அடுத்த வாரமே சொசைட்டி முன்னால புது ஃபிளெக்ஸ் நின்னுச்சு. அதுல பந்து இல்ல. ஒரு செம்பட்டைத் தலையும் ஒரு செவலை மாடும் இருந்துச்சு.

எட்டு மாடு வெச்சிருக்கற பழனிச்சாமி அண்ணன்தான் அதை மேலயும் கீழயும் பாத்துட்டு, "பந்து ஆடறவன் எதுக்குங்க சாணி அள்ளப் போறான்? இது இருபத்து ரெண்டு பேச்சு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மீட்டர்காரரு முகம் சுண்டிப் போச்சு. ஊருக்கே நம்பர் போடறவருக்கு முதல் தடவையா இன்னொருத்தர் நம்பர் போட்டுட்டாரு.

அதுல இருந்து ஒரு வைராக்கியம். நான் கோயமுத்தூர்ல காலேஜ் படிச்சவங்கறதால, மஞ்சக்கறுப்பு டீமோட நெட்டுப் பக்கத்துல இங்கிலீசுல என்ன எழுதுனாலும் போனைக் கொண்டாந்து என்கிட்ட நீட்டுவாரு. நான் வரிசையில நின்னே சத்தமாப் படிப்பேன். மொதல்ல சிரிச்சவங்க, போகப் போக கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. அந்த மாடு எத்தனை லிட்டர் கறக்கும்? பருத்திக்கொட்டை வெப்பாங்களா? பனியில மாடு எங்க படுக்கும்? எனக்கே ராத்திரி சோத்துல கையை வெச்சா அந்த யோசனைதான். கோல் எத்தனை அடிச்சாங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல.

இப்படியிருக்க, அந்தக் கீழ்வரிசை டீமுங்களுக்குன்னே இருக்கற கப்புல எங்க மஞ்சக்கறுப்பு ஃபைனலுக்கு வந்துருச்சு. எதுத்தாப்புல ஒரு நீலச்சட்டை டீமு. சனிக்கெழமை ஆட்டம். புதன்கெழமை கோல்கீப்பர் ஒரு போட்டோ போட்டான். சினை மாடு. இந்த வாரம் ஈனற மாதிரி இருக்குது, அப்பாவுக்குக் கால் முடியல, மாட்டை விட்டுட்டு ஃபைனலுக்குப் போறதான்னு தெரியலன்னு எழுதியிருந்தான்.

நான் படிச்சு முடிச்சதும் வரிசை கலைஞ்சு போச்சு. மொதல்ல போனைப் புடுங்குனது பழனிச்சாமி அண்ணன்தான். மடியைப் பெருசு பண்ணிப் பாத்தாரு, வாலடியைப் பாத்தாரு. பொய்யின்னு சொன்ன வாயாலயே, "மடி இன்னும் எறங்கலீங்க. திங்கக்கெழமைக்கு முந்தி ஈனாது"ன்னாரு. அப்புறம் எல்லாரும் மீட்டர்காரரைத்தான் பாத்தோம். மாடு ஈனற நாளுக்கு மிருகாசுபத்திரி டாக்டரே இவரைக் கேட்டுட்டுத்தான் சொல்லுவாரு. கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஈனாதுங்க. தைரியமாப் போயி ஆடச் சொல்லி எழுதுங்க அம்மிணி."

எழுதுனேன். மாடு தெரிஞ்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும், நான் போறேன்னு அன்னிக்கே பதில் வந்துருச்சு. மீட்டர்காரரு அந்தப் பதிலை என்கிட்ட மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாரு.

சனிக்கெழமை பொழுது எறங்குனதும் காலிக் கேனைக் கவுத்துப் போட்டு எல்லாரும் சொசைட்டியில உக்காந்தாச்சு. அந்த ஆட்டம் நம்ம பக்கம் டிவியில வராது. டீமுக்காரங்க நெட்டுல ரெண்டு நிமிசத்துக்கு ஒரு வரி எழுதுவாங்க, அதை நான் படிக்கணும். கோல்கீப்பர் தடுத்தான்னு படிச்சாப் போதும், பழனிச்சாமி அண்ணன் கேனைப் போட்டு அடிப்பாரு. ரெண்டு பக்கமும் கோல் இல்லாம ஆட்டம் முடியற நேரம். அப்பத்தான் அந்த வரி வந்துச்சு. கோல்கீப்பர் பண்ணையில மாடு கெடேரிக் கன்னு போட்டுருச்சு, தாயும் கன்னும் சௌக்கியம்னு மைக்குல சொன்னாங்களாம், மைதானமே கை தட்டுச்சாம்.

இங்கயும் தட்டுனாங்க. மீட்டர்காரரு மட்டும் தட்டல. "இன்னிக்கு சனிக்கெழமை தானுங்க?"ன்னு கேட்டாரு.

நாலே நிமிசத்துல நீலச்சட்டை கோல் போட்டுருச்சு. ஆட்டம் முடிஞ்சுது.

அவரு எந்திரிச்சு நின்னாரு. "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவன் மாட்டுகிட்ட இருந்திருப்பான். இப்பக் கப்பும் போச்சு, கன்னு போடறப்பக் கூடவும் இல்ல. தப்பு நம்பர் சொல்லிட்டனுங்க"ன்னு சொல்லிட்டு, பூட்டைக்கூடப் போடாமப் போயிட்டாரு.

எனக்கு மனசே கேக்கல. மறுநாள் காலையில கறந்த பாலையும் ஒரு சொம்பு தண்ணியையும் பக்கத்துல வெச்சுட்டு நின்னேன். ஆமாங்க, பதினாலு வருசமா ஒரு சொம்பு உண்டு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்த மனுசன் வேதனைப்படாம இருக்கட்டும்னு தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டேன். ஊரே அதையேதான் நெனைச்சிருக்குதுன்னு சொசைட்டிக்குப் போனப்பறம்தான் தெரிஞ்சுது.

மொதல் கேன் இருபத்தெட்டு. ரெண்டாவது இருபத்தொம்போது. என் பாலு இருபத்தெட்டு. மீட்டரைத் தொடைச்சாரு. பழனிச்சாமி அண்ணன் பாலும் இருபத்தெட்டுன்னு வந்ததும், மீட்டரை எடுத்து மேசை மேல வெச்சுட்டாரு.

"புதன்கெழமை மாட்டைத் தப்பாப் பாத்தேன். இன்னிக்குப் பாலையும் தப்பாப் பாக்கறேன். கண்ணு போச்சுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க."

நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னா, இத்தனை வருசத் தண்ணியை ஒத்துக்கணும். ஆளாளுக்குக் காலிக் கேனைத் தூக்கிக்கிட்டு நழுவிட்டோம். மத்தியானம் கோல்கீப்பர் ஒரு போட்டோ போட்டிருந்தான், ரெண்டாவது வந்ததுக்குக் குடுத்த மெடலைக் கன்னுக் கழுத்துல மாட்டி. ஓடிப் போயிக் காட்டுனேன். அவரு தலையைத் திருப்பிக்கிட்டாரு.

சாயங்காலம் அவரு சாவியை ஒப்படைக்க வந்தப்ப, நான்தான் வரிசையில மொதல் ஆளா நின்னேன். இன்னிக்கு ஒரு நாள் பாருங்கண்ணான்னு கெஞ்சி மீட்டரைக் கையில குடுத்தேன். வேண்டா வெறுப்பா பாலுல விட்டாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இருபத்தஞ்சு வருதுங்க. தண்ணி ஊத்துனீங்களா அம்மிணி?"

"ஊத்துனேங்ணா. ஒரு சொம்பு. தெனமும் ஊத்துவேன், இன்னிக்குக் காலையில மட்டுந்தான் ஊத்தல."

வரிசை முழுக்கக் கேட்டுச்சு. கேக்கட்டும்னுதான் சொன்னேன். என் பின்னால நின்ன பழனிச்சாமி அண்ணன் ரெண்டு தடவை செருமிட்டு, "நானுந்தானுங்க"ன்னாரு.

 மீட்டர்காரரு மீட்டரைத் தொடைச்சு, பையில குத்திக்கிட்டாரு. அப்புறம் அந்தப் போட்டோவைக் காட்டுங்கன்னு கேட்டு வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பாத்து, கன்னுக்கு முப்பது போட்டாரு. அதுவரைக்கும் அவரு வாயில முப்பது வந்து யாரும் கேட்டதில்ல. எனக்கு இன்னும் அதே இருபத்தேழுதான். இருந்துட்டுப் போகட்டும், அவரு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.