பின்சீட்டுக்காரி

"மிதிக்கிறியா, இல்ல வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றியா?"

கிஸ்பெர்ட் திரும்பாமலே கேட்டார். அவர் திரும்பினால் கைப்பிடியும் கூடவே திரும்பும். இரட்டை சைக்கிள் நேராக மோசெல் ஆற்றில் இறங்கிவிடும். பெர்ன்காஸ்டலை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிஷமே ஒரு தடவை அப்படி இறங்கப் பார்த்தது.

"மிதிச்சிக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் பின்னாலிருந்து அவர் மனைவி ரோஸ்வித்தா.

"அப்புறம் ஏன் வண்டி நத்தை மாதிரி ஊருது?"

"எதிர்காத்து."

"மொத்தக் காத்தையும் நான்தான் நெஞ்சுல வாங்கறேன். நீ என் முதுகுக்குப் பின்னால சொகுசா உக்காந்துக்கிட்டு எதிர்காத்துங்கறே."

ரோஸ்வித்தா தலையைக் குனிந்து மிதித்தாள். முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள். அமைதி அவளுக்குப் பழக்கம்.

அந்த நெஞ்சைப் பற்றித்தான் வீட்டில் நாலு மாதமாகப் பேச்சு. கிஸ்பெர்ட் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மார்ச் மாதம் ஒரு பயணியின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தபடியே மாரடைப்பு வந்து அந்தப் பயணியின் மடியிலேயே சாய்ந்துவிட்டார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், "இந்த வருஷம் முழுக்க சைக்கிளை மறந்துடுங்க. மெதுவா நடக்கலாம்," என்றார். ஏப்ரல், மே முழுக்க கிஸ்பெர்ட் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைகூடப் போடவில்லை. ஒருநாள், "என் சைக்கிளை யாருக்காவது குடுத்துடு," என்றார். ரோஸ்வித்தா அன்றைக்குத்தான் பயந்து போனாள்.

ஜூன் மாதம், திராட்சை பூக்கிற வாரம், அவரே திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "வருஷா வருஷம் இந்த வாரம் ட்ராபன் வரைக்கும் மிதிச்சிட்டு வருவோமே. இந்தத் தடவையும் போறோம். டாக்டர் என்ன வேணாலும் சொல்லட்டும்."

ரோஸ்வித்தா தடுப்பாள் என்று நினைத்து, சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவளோ, "சரி, போகலாம். ஆனா தனித்தனியா இல்ல, இரட்டை சைக்கிள்ல," என்றாள்.

"என்னைக் காவல் காக்கவா?"

"ஆமா."

இப்போது செல்டிங்கன் பாலத்தருகே கிஸ்பெர்ட் வண்டியை நிறுத்தினார். கோளாறு எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "உன் சீட்டு தாழ்வா இருக்கு. முழங்கால் மடங்குது. அதான் உனக்கு வலு இல்ல." சொல்லிக்கொண்டே அவள் சீட்டை நாலு விரல்கடை உயர்த்தினார்.

இப்போது அவள் கால் விரல் நுனி மட்டும்தான் மிதியைத் தொட்டது. வண்டி முன்னைவிட மெதுவாகப் போனது.

"சரி, விடு. உன்னை நம்பிப் பிரயோஜனமில்ல. நானே இழுத்துக்கறேன்," என்று சீட்டைப் பழையபடி இறக்கிவிட்டு, கியரைப் பெரியதாக மாற்றினார் கிஸ்பெர்ட்.

பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. "கிஸ்பெர்ட், கியரைக் குறை."

"எதுக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியல. கால் பாட்டுக்குச் சுத்துது. இங்க பாரு!" இடது மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் அது. "எழுபத்தாறு! வீட்ல சோபாவுல உக்காந்திருந்தாலே எழுபத்திரண்டு. டாக்டருக்கு என்ன தெரியும்? என்னோடது சிங்கத்தோட நெஞ்சு."

"சிங்கமே, கியரைக் குறை."

குறைத்தார். ஆனால் சுமைதான் காரணம் என்று அடுத்து ஒரு யோசனை வந்தது. ரோஸ்வித்தாவின் பை பெரிதாக இருந்தது. ரொட்டி, வேகவைத்த முட்டை, தண்ணீர், மழைக்கோட்டு. "குடும்பம் நடத்தவா வந்திருக்கோம்?" என்று அதைத் தெரிந்த விடுதி ஒன்றில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வண்டி கொஞ்சம் வேகமெடுத்தது. கிஸ்பெர்ட் சீட்டியடித்தார்.

ஒரு மணிக்கு அவருக்குப் பசி வந்தது. ரொட்டியோ பத்து கிலோமீட்டருக்குப் பின்னால் இருந்தது.

"மேல லீஸ்பெத் வீட்டுக்குப் போனா ஏதாவது குடுப்பா," என்றார். லீஸ்பெத் தனியாளாகத் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்பவள். அவள் வீடு சரிவின் பாதி உயரத்தில் இருந்தது.

"மேலயா?" ரோஸ்வித்தா அண்ணாந்து பார்த்தாள். "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம்."

"தள்ளறதா? நானா? நீ சும்மா உக்காந்து வா."

ஏறினார்கள். எப்படி ஏறினார்கள் என்பது ரோஸ்வித்தாவுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். முற்றத்தில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்த லீஸ்பெத் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடப்பாவி! மார்ச்ல உனக்கு நெஞ்சுவலின்னாங்க. இந்த மேட்டுல ஆளை வேற ஏத்திக்கிட்டு வந்துட்டியே!"

"எழுபத்தெட்டு," என்று கிஸ்பெர்ட் கடிகாரத்தைக் காட்டினார். "மூச்சு வாங்குதா பாரு. வாங்கல! அவளைப் பாரு, உக்காந்து வந்தவ, எப்படி வாங்கறா!"

ரோஸ்வித்தா ஒரு காலிப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"வெயில் ஒத்துக்கல போல," என்று லீஸ்பெத் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இருவருக்கும் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் வந்தன. ரோஸ்வித்தா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினாள்.

"சும்மா வர்றவளுக்குத்தான் பசி ஜாஸ்தி," என்றார் கிஸ்பெர்ட்.

டாக்டர் அனுமதித்த ஒரு கிளாஸ் ஒயினோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் அவருடைய வீரத்தை மெச்சி லீஸ்பெத் ஒரு டஜன் பாட்டில் பரிசாகக் கட்டிக் கொடுத்தாள். "வேண்டாம், கனக்கும்," என்றாள் ரோஸ்வித்தா. "யாருக்குக் கனக்கும்? உனக்கா?" என்று கேட்டு, கிஸ்பெர்ட் எல்லாவற்றையும் பின் சக்கரத்துக்கு மேலே கட்டினார்.

திரும்பும் வழியில்தான் அந்தப் பாட்டிமார் படை வந்தது. கோப்லென்ஸ் ஊர்க்காரிகள், ஆறு பேர், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல், எல்லாரிடமும் பேட்டரி சைக்கிள். மணியடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கடைசியாகப் போனவள், "தாத்தா, தூக்கம் வருதா?" என்று கேட்டுவிட்டாள்.

கிஸ்பெர்ட்டின் காது சிவந்தது. "ரோஸ்வித்தா, பிடிச்சுக்கோ!"

"வேண்டாம், கிஸ்பெர்ட்... நான் சொல்றதைக் கேளு..."

அவர் கேட்கவில்லை. குனிந்து, கால்களை ராட்டினம் மாதிரி சுற்றினார். பின்னாலிருந்து "ஐயோ", "அம்மா", "கடவுளே" என்று விதவிதமாகச் சத்தம் வந்தது. வண்டி கிளம்பியது. பாட்டில்கள் கிணுகிணுத்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டிகளைத் தாண்டினார்கள். ஆறாவது பாட்டியையும் தாண்டியபோது கிஸ்பெர்ட் ஒரு கையை விட்டுக் காற்றில் குத்தினார்.

அடுத்த ஒயின் கடையருகே எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டிகள் கை தட்டினார்கள். தாத்தா என்று கூப்பிட்டவளே வந்து மன்னிப்புக் கேட்டாள். கிஸ்பெர்ட் ஆபரேஷன் கதையை ஆரம்பம் முதல் சொன்னார். இரண்டு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனிதர் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஒரு பாட்டி ரோஸ்வித்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடுத்து வச்சவம்மா நீ. எங்க வீட்டுக்காரர் என்னைக் கடைக்குக்கூடக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல."

"ஆமாங்க," என்றாள் ரோஸ்வித்தா. நிற்க முடியாமல் கம்பத்தில் சாய்ந்திருந்தாள். ஆனால் கண் அவர் மேலேயே இருந்தது.

விடுதியில் பையை வாங்கிக்கொண்டு, மாலை ஆறு மணிக்குப் பெர்ன்காஸ்டலில் மத்தெஸின் வாடகை சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். கிஸ்பெர்ட் இளவட்டம் போலக் குதித்து இறங்கினார். ரோஸ்வித்தா இறங்கவில்லை. இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. மத்தெஸ் ஓடிவந்து, மூட்டையை இறக்குவதுபோல அவளைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பாத்தியா கூத்தை!" கிஸ்பெர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐம்பது கிலோமீட்டர் நான் இழுத்திருக்கேன், மத்தெஸ். கால் பிடிச்சுக்கிட்டது அவளுக்கு! அடுத்த வருஷமும் இதே வண்டியை எடுத்து வை. இவளை ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்."

ரோஸ்வித்தா அவசரமாகக் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். மத்தெஸ் அதைக் கவனிக்கவில்லை. அவள் கெண்டைக்காலை நீவிவிட்டபடியே நிதானமாகக் கேட்டார்.

"அடுத்த வருஷமும் முன் மிதியைச் சங்கிலியிலேருந்து கழட்டி, சும்மா சுத்தற மாதிரிதான் விட்டு வைக்கணுமா, அக்கா?"