அண்ணன் மாத்திரை மைனி டப்பாவில்

ஒரு வீட்டில் பிள்ளை தங்கவில்லையென்றால் குற்றப்பத்திரிகை யார் பெயரில் வாசிக்கப்படும்? மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். மருமகள் பெயரில். விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது. நேரே தண்டனைதான்: காலையில் அத்திப்பழம், மதியம் முருங்கைப்பூ, மாலையில் தேனில் குழைத்த கருஞ்சீரகம்.

என் மைனி, அண்ணன் பெண்டாட்டி தஸ்மியா, இந்தத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் நாசரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா இருவரையும் சோதித்து, இருவருக்கும் மாத்திரை எழுதினார். மைனிக்குக் கருமுட்டை வளர. அண்ணனுக்கு விந்தணு பெருக. சிகரெட்டை விடு என்றும் அவனிடம் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, இருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

அண்ணன் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பையே கடைகிறவன். அவனை ஒரு சின்ன மாத்திரை ஆட்டிவைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தன் மாத்திரை அட்டைகளையும் மைனியின் டப்பாவில் திணித்தான்.

"எல்லாம் அவளுக்குத்தான் உம்மா. எனக்கு ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க" என்றான்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மைனி என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. யுனிவர்சிட்டியில் மேடை கிடைத்தால் இறங்காதவள் நான். உம்மாவிடம் போட்டு உடைக்கக் கிளம்பிய என்னை மைனி அடுப்படியில் மடக்கினாள்.

"நீ சொன்னா, படிச்ச புள்ள வாயாடுதும்பாங்க. நான் சொன்னா, புருசனக் கொற சொல்லுதாம்பாங்க. அவுக வாயாலயே வரட்டும். நீ சும்ம இரி."

"அது வரைக்கும் அவன் மாத்திரை திங்க மாட்டான் மைனி. மாசம் வீணாப் போகும்."

"எனக்கும் அந்த வெசனந்தான். ரொம்ப நாளு ஆகாது."

அன்றைக்கே மைனி படுத்துவிட்டாள். மருந்து கடுமையாக இருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்றாள். உம்மா உடனே தன் தங்கையை வரவழைத்தாள். எங்கள் நஃபீஸத் சாச்சி, படிக்காமலே டாக்டரானவள். வந்ததும் சட்டம் போட்டாள். மருந்து தின்கிற பிள்ளை குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, மாவாட்டவே கூடாது. இதற்கெல்லாம் மருத்துவ ஆதாரம் என்ன என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்படியானால் வேலையை யார் செய்வது? உம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். வாப்பா ஆகப்போகிறவர்தான் பாடுபட வேண்டும் என்று முடித்தேன். எங்கள் வீட்டில் நான் ஜெயித்த முதல் வாதம் அது. சாச்சியே தலையாட்டினாள்.

அண்ணன் குடம் தூக்கினான். தெருக்குழாயில் பெண்கள் மரியாதையாக வழிவிட்டு நின்றார்கள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. ஆட்டோ ஓட்டுகிற அவன் கூட்டாளி காஜா முகைதீன் வண்டியை நிறுத்தி, "என்னலே நாசரு, குடம் இடுப்புல நல்லாத்தான் நிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் மாவாட்டினான். மைனியின் துணிகளை அலசினான். மைனி கட்டிலில் சாய்ந்தபடி, அந்தப் பாவாடையில் இன்னும் சோப்பு போகவில்லை மச்சான் என்று கரிசனமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சொந்தக்காரப் பெண்களெல்லாம் நலம் விசாரிக்க வந்தார்கள். மைனி அன்றைக்குப் பார்த்து, "மாமி, நாக்கு சாளைமீன் கேக்குது" என்றாள். மருந்து தின்கிற பிள்ளை கேட்டு மறுப்பார்களா? முற்றத்தில் கூடை வந்து இறங்கியது. அண்ணன் செதில் சீவ உட்கார்ந்தான். சுற்றிலும் பெண்கள். ஓட்டுமேல் காக்கைகள்.

கால் கூடை வரை தாக்குப்பிடித்தான். பிறகு கத்தியைக் கீழே போட்டான்.

"உம்மா, அந்த டப்பால பாதி மருந்து எனக்குத்தான். கொற என்னட்டயும் இருக்கு. போதுமா?"

உம்மா மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மைனியின் வாய்க்கு நேராகப் போய்க்கொண்டிருந்த சாச்சியின் கருஞ்சீரகக் கரண்டி நடுவழியில் நின்றது. பைய திரும்பியது. அண்ணனை நோக்கிப் புறப்பட்டது.

உம்மாவே டப்பாவைக் கொண்டுவந்தாள். கிறுகிறுப்பெல்லாம் எங்கே போனதோ, மைனி எழுந்துவந்து தண்ணீரை நீட்டினாள். அத்தனை பெண்களும் பார்க்க அண்ணன் மாத்திரையை விழுங்கினான். பிறகு நம்பிக்கையோடு கேட்டான்.

"அப்போ நானும் மருந்து திங்குத ஆளுதான். நானும் படுத்துக்கிடலாம்லா சாச்சி?"

சாச்சி யோசிக்கவே இல்லை.

"பொம்பளைக்கு மருந்து படுத்தா ஏறும். ஆம்பளைக்கு வேர்த்தாத்தாம்லே ஏறும். மீன முடி."