கப்டனுக்குப் போன கரியர்

தம்பிராசாவின் கிளப் வாழ்க்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு இறாத்தல் பாணுக்கு முன்னால் முடிந்தது. விடியப்புறம் எழும்பிப் போய்க் கியூவில் நின்று வாங்கிய அந்தப் பாணை மேசையில் வைத்துவிட்டு, அவர் மனைவி அன்னலட்சுமி தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, பாண் கியூ முடியுமட்டும் இனி நீங்கள் கிளப்புக்குப் போறேல்லை."

கப்பல்கள் திருகோணமலையை மறந்துபோயிருந்த காலம் அது. சீனிக்குக் கூப்பன், மாவுக்குக் கூப்பன், பேக்கரி வாசலில் பாணுக்குத் தெரு நீளத்துக்குக் கியூ. நாடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தபோது, துறைமுகக் கந்தோர்க் கிளாக்கர் தம்பிராசா மட்டும் பின்னேரமானால் வழுக்கைத் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைக்குச் சென்ட் பூசி, கிளப்பில் போய் முன்னூற்று நாலு ஆடினார். அந்தச் சீட்டாட்டத்தில் தோற்றவர்தான் மேசைக்குக் கட்லட்டும் தேத்தண்ணியும் வாங்கவேண்டும். தோற்பதில் தம்பிராசா கெட்டிக்காரர். தோற்றாலும் சிரிப்பார். சிரிக்கும்போது வலப்பக்கம் ஒரு தங்கப்பல் மின்னும்.

அன்னலட்சுமி சும்மா விடவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் வாங்கினாள்.

முதல் நாள் பின்னேரம் அவர் கோழிக்கூட்டைத் திருத்தினார். மறுநாள் கோழிகள் அவரைக் கண்டதும் ஓடின. மூன்றாம் நாள் விரல்கள் தாமாகவே காற்றில் சீட்டுக் கலைக்கத் தொடங்கின. சாமியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவுகட்டி, மெல்லக் குசினி வாசலுக்குப் போனார்.

"இஞ்சை பாரும், கந்தோரிலை ஓவர்டைம். மாக் கப்பல் வந்திருக்கு."

"மாக் கப்பலோ? என்ரை கண்ணிலை படேல்லையே."

"அது உள்துறைமுகத்திலை நிக்குது. மலை மறைக்குது."

"அப்ப இனிப் பாண் கியூ குறையும்."

"எங்கை குறையிறது? மா முழுக்க றெயிலிலை கொழும்புக்குப் போகுது."

"எந்த நாட்டுக் கப்பல்?"

"கிரேக்கம்."

"கப்டன் எப்பிடி ஆள்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கப்பலை மட்டும்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார், ஆட்களை இன்னும் ஏற்றவில்லை.

"நல்ல மனுசன். கொஞ்சம் மொத்தமான உடம்பு. வழுக்கை. சிரிச்சால் வலப்பக்கத்திலை ஒரு தங்கப்பல்."

அன்னலட்சுமி அவர் வாயை உற்றுப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள். "வீட்டுச் சாப்பாடு கண்டு எவ்வளவு காலமோ. கொஞ்சம் நில்லுங்கோ."

உள்ளே போனவள் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியருடன் வந்தாள். ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஒன்றில் பாரைமீன் குழம்பு, ஒன்றில் சம்பல். "கப்டனுக்குக் குடுங்கோ," என்றாள்.

கிளப்பில் முத்தலிப் கரியரைக் கண்டு சீட்டைக் கீழே வைத்தார். கிண்ணியாவிலிருந்து வந்து ரவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். பத்து வருஷமாய்த் தம்பிராசாவின் சீட்டுச் சோடி; அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தம்பிராசா, சோத்தையும் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"கப்டன்ரை சாப்பாடு, நானா."

"எந்தக் கப்டன்?"

"முதல்லை சாப்பிடுங்கோ, பிறகு சொல்லுறன்."

அன்றைக்கு மேசையில் கட்லட்டை யாரும் தேடவில்லை. தம்பிராசா தோற்றும் கைக்காசு போகவில்லை. அப்படியொரு இன்பமான தோல்வியை அவர் கண்டதேயில்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது ஒரு யோசனை அவரை அரித்தது. மீன்காரன் சொல்லும் விலையையே நம்பாத பொம்பிளை, ஒரு முழுக் கப்பலை எப்படி நம்பினாள்? அதை அறியாமல் நித்திரை வராது போலிருந்தது.

"கப்டன் என்ன சொன்னவர்?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டவர்."

அன்னலட்சுமி கரியரை வாங்கி ஒவ்வொரு தட்டாய்க் கழற்றிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"வெறுங்கரியரோ தந்தவர்?"

"கழுவித் தந்தவர்."

"ஒரு வீட்டிலை இருந்து சாப்பாடு வந்தால் ஏனத்தை வெறுமையாய்த் திருப்பிறதோ? நபீஸா வீட்டுக்குப் பொங்கல் போனால் சட்டியிலை நாலு தேசிக்காய் எண்டாலும் போட்டுத்தானே வரும். அவ நோன்புக் கஞ்சி தந்த கோப்பையை நான் ஒருநாளும் சும்மா குடுத்தனானோ?"

பக்கத்து வீட்டு நபீஸாவையும் இவளையும் பிரித்த வேலி, இப்படிப் போய்வந்த ஏனங்களாலேயே பாதி சரிந்து கிடந்தது. தம்பிராசா கப்டனுக்காக வாதாடினார்.

"அந்த மனுசனுக்கு எங்கடை வழக்கம் தெரியாதப்பா. கப்பலிலை மாவைத் தவிர வேறை என்ன இருக்கு?"

"மா இருந்தால் பாண் சுடமாட்டினமோ? ரெண்டு இறாத்தல் போதும். கேக்க உங்களுக்கு வெக்கமெண்டால் நான் வந்து கேக்கிறன். எனக்கும் கப்பல் பாக்க ஆசைதான்."

"வேண்டாம், வேண்டாம். நானே கேக்கிறன்."

மறுநாள் பின்னேரம் கந்தோர் விட்டதும், அன்னலட்சுமி கட்டித் தந்த கரியரோடு தம்பிராசா ஊரின் மறு அந்தத்துப் பேக்கரிக்கு நடந்தார். அங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பின்னேரப் பாணுக்கு நின்ற கியூ பேக்கரியில் தொடங்கி, சவர்க்காரக் கடையைத் தாண்டி, வளைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் வாலில் போய் ஒட்டினார். பசித்தபோது கப்டனின் சாப்பாட்டைக் கப்டனுக்குப் பதிலாக நின்றபடியே சாப்பிட்டார். பாண் கைக்கு வந்தபோது கிளப்பில் விளக்கு அணைந்துவிட்டது.

"கப்டன் தங்கமான மனுசன்," என்றாள் அன்னலட்சுமி, பாணை முகர்ந்து பார்த்து. "இப்பதான் சுட்ட சூடு. நாளைக்கு நபீஸாவுக்கும் ஒரு இறாத்தல் சேத்துத் தருவாரோ?"

தந்தார். அதற்கடுத்த நாளும் தந்தார். அன்னலட்சுமி விடியப்புறம் எழும்புவதை விட்டு, வெயில் முகத்தில் அடிக்கும்வரை நித்திரை கொண்டாள்.

ஒருநாள் முத்தலிப் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். கியூவில் கரியரும் கையுமாய் நின்ற தம்பிராசாவைக் கண்டு காலை ஊன்றினார்.

"வாங்க தம்பிராசா, ஒரு கை குறையுது. மூணு பேர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கம்."

"ஏலாது நானா," என்றார் தம்பிராசா. "ஓவர்டைம்."

முத்தலிப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கிழமை, தம்பிராசாவின் கதிரையில் தபால் கந்தோர்க்காரன் ஒருவன் இருந்து ஆடுகிறான் என்ற செய்தி கியூவுக்கே வந்தது. அதைக் கேட்டதும் தம்பிராசா, பொறுத்தது போதும், கப்பலை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார். பிறகு கிளிவெட்டியில் ஒரு சொந்தக்காரருக்குச் சுகமில்லாமல் பண்ணிக்கொள்ளலாம். நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோனால் ஏனத்தில் பாண் வராது.

அன்றிரவு சாப்பிட இருந்தபடியே சொன்னார்.

"கப்பல் போயிட்டுது."

"எப்ப?"

"மத்தியானம். கப்டன் உமக்கு நன்றி சொல்லச் சொன்னவர்."

அன்னலட்சுமி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் தட்டில் பாணை வைத்து, மீன் குழம்பை ஊற்றினாள். கரியரைக் கழுவித் துடைத்து, வாசலுக்குப் பக்கத்தில் அவர் குடைக்குக் கீழே வைத்தாள்.

"அதை ஏன் அங்கை வைக்கிறீர்? உள்ளுக்கு வையுமன்."

"இருக்கட்டும். நாளைக்கு வேணுமெல்லே. அந்தப் பேக்கரியை விட்டிட்டு டொக்கியாட் றோட்டுப் பேக்கரிக்குப் போங்கோ. கியூ கொஞ்சம் நீளமாம், ஆனால் பாண் நல்ல மெதுவாம். நபீஸா சொன்னவ. முதல் நாள் கியூவிலை உங்களுக்குப் பின்னாலை நிண்டதும் அவதான்."

தம்பிராசாவின் வாய் திறந்தபடியே நின்றது. அன்னலட்சுமி இன்னொரு துண்டுப் பாணை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"வாயை மூடிச் சாப்பிடுங்கோ, கப்டன். பல்லுத் தெரியுது."