அலுமாரிக்குள் பூட்டிய மை

“ஒரு காட்ரிஜ் மூவாயிரம் ரூபா. பிரிண்டரே ஏழாயிரத்துக்கு வாங்கினது. இதென்ன மையோ, பன்னீரோ? இனி என்னைக் கேக்காமல் இந்த வீட்டில ஒரு தாள் அடிக்கக்கூடாது.”

சிவபாதசுந்தரம் இதை அன்றைக்கு நாலாம் தரம் சொன்னார். மனைவி அன்னபாக்கியம் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

“நிரஞ்சனாட அழைப்புக் கடிதம் ஒண்டுதானே. அது இல்லாமல் கனடாக்காரன் விசா தரான். பிள்ளைக்கு ஐப்பசியில பேறு.”

“மை முடிஞ்சுது.”

“நேற்று உங்கட ராசிபலன் கலரில வந்ததே?”

“அதோடதான் முடிஞ்சுது.”

மை முடியவில்லை. மகளின் பேறுக்குப் போகிறவள் ஆறு மாதத்துக்குக் குறையத் திரும்பமாட்டாள் என்பதுதான் அவருடைய கவலை. வெளியே இறங்கினால் சோதனைச்சாவடி, உள்ளே இருந்தால் நாலு சுவர். இந்த யுத்த நாளில் கொழும்பு வெள்ளவத்தையில் தனியே இருக்க அவரால் முடியாது. “போகாதையும், பயமாயிருக்கு” என்று ஒரு ஆம்பிளை வாய்விட்டுச் சொல்லலாமா? மையின் விலையைச் சொல்வது கௌரவம். ஆகவே காட்ரிஜ்ஜைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி, அலுமாரியில் பூட்டித் திறப்பை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அன்னபாக்கியம் “சரி” என்று பயத்தங்காயை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனார். அப்போதே சிவபாதசுந்தரம் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் அவர் லைட் பில் கட்ட வெளிக்கிட்டபோது, அன்னபாக்கியம் பென் டிரைவ் போட்ட கவர் ஒன்றை நீட்டினார்.

“கொமினிகேஷன் கடை ஸஹாப்தீனிட்டக் குடுங்கோ. நிரஞ்சனாவுக்குப் படங்கள். எங்கட லைனில போகுதில்லை, மெயில்ல அனுப்பட்டும்.”

மெயிலுக்கு மை தேவையில்லை. அந்தச் சந்தோஷத்தில் பஸ் காசையும் மிச்சம் பிடித்து, காலி வீதி வெயிலில் நடந்தே போய்க் கொடுத்தார்.

ஆறு கிழமையில் விசா குத்திய பாஸ்போட் வந்தது.

“இதெப்பிடி?”

“நீங்கள் சொன்னபடிதான். இந்த வீட்டில ஒரு தாளும் அடிக்கேல்லை. ஸஹாப்தீன் பத்து ரூபாய்க்கு அடிச்சுத் தந்தவர். பென் டிரைவில கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தது நீங்கள்தானே.”

அன்னபாக்கியம் பிளேன் ஏறி மூன்றாம் நாள் காலை, பொலிஸ்காரர் இரண்டு பேர் வீடு வீடாகப் பதிவு பார்த்துக்கொண்டு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கிய பொலிஸ் பதிவுத் தாளில் இரண்டு பெயர்.

“நோனா கோ?” அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

“கனடா.”

பன்னிரண்டு மணிக்குள் ஆள் தொகைக்குச் சரியாகப் புதுத் தாள் அடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“வீட்டில் இருப்போர்: ஒருவர்” என்று சிவபாதசுந்தரம் கம்பியூட்டரில் தட்டினார். அதைத் தட்டவே வெகுநேரம் பிடித்தது. பிறகு அலுமாரியைத் திறந்தார். மையெல்லாம் கைலேஞ்சியில் ஊறி, சிவப்பும் நீலமுமாகக் காய்ந்து கிடந்தது. காட்ரிஜ்ஜைப் பிரிண்டரில் பூட்டி மூன்று தரம் அடித்தார். மூன்று தாளும் போன வெள்ளையாகவே திரும்பி வந்தன.

அவர் கதிரையில் இருந்தபடியே குசினிப் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேரும் பாக்கியம், அந்தப் பென் டிரைவை ஒருக்கா எடுத்துத் தாரும். ஸஹாப்தீனிட்டப் போகவேணும்.”