ஞாயிற்றுக்கிழமை வண்டி

சாயங்கால வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பது, ஊரிகம் ஸ்டேஷனில் போய் நின்ற பிறகுதான் லவினாவுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் கழுத்து மாலையோடு உதய் நின்றிருந்தார். கூட்ஸ் ஷெட்டில் லவினாவும் நண்பர்களும் சம்பளமில்லாமல் நடத்தும் ரயில் அருங்காட்சியகத்துக்கு நிதி தரலாமா என்று பார்க்க, பெங்களூரு அறக்கட்டளை அனுப்பிய ஆள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பார்வையாளர்கள் பெட்ரோல் வண்டி இல்லாமல் வந்து திரும்ப முடிய வேண்டும். நிதி வராவிட்டால் ஷெட் கார் பார்க்கிங் ஆகிவிடும்.

காலையில் பூமாலை வாங்கிக்கொண்டு இவர்கள் தாமதமாக ஓடியபோது, உதய் பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருந்தார். ரயில் பயணம் ஒரு தியானம் என்றார். லவினாவோடு ஷெட்டை நடத்தும் பெரியவர் கொர்னேலியஸ் அதை அங்கே கரும்பலகையில் எழுதியே வைத்துவிட்டார்.

லவினா இப்போது கொர்னேலியஸ் பக்கம் திரும்பினாள். "இன்னா அங்கிள், உங்களுக்குமா தெரியாது?"

"பெங்களூருல வேல முடிச்சு வர்ற நம்மள எறக்கி வுட்டுட்டுத் திரும்பிப் போற வண்டிம்மா அது. இன்னிக்கு நாம வேலைக்கே போகலியே, அது எங்கேர்ந்து திரும்பும்?"

நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உதய் மூன்றாம் முறையாகச் சொன்னார். விருந்தாளியை நடுவழியில் விட்டுப் போவதா? லவினாவும் கொர்னேலியஸும் நகரவில்லை.

பங்காருப்பேட்டையில் வேறு ரயில் பிடிக்கலாம் என்று லவினா அவரை நண்பர் மரியகுழந்தையின் பேட்டரி ஆட்டோவில் ஏற்றினாள். மேட்டில் ஏறும்போதே அது சார்ஜ் தீர்ந்து படுத்துக்கொண்டது. காலையிலிருந்து அருங்காட்சியகப் பிரசாரத்துக்காக அதில் ஊர்ப் பிள்ளைகளை ஓசியில் சுற்றவிட்டவள் லவினாதான். உதயும் இறங்கித் தள்ளினார்.

அடுத்து சைக்கிள். லவினா மிதிக்க, கேரியரில் அவர். அவருடைய பேண்ட் செயினில் மாட்டி முழங்கால் வரை கிழிந்தது.

கடைசியில் திரும்பி வந்து, ஷெட்டுக்குப் பின்னால் ஒதுங்கி, தெரிந்த டாக்ஸிக்காரன் பாபுவைப் போனில் கூப்பிட்டாள். பிறகு உதயிடம் கெஞ்சினாள். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை.

"சார், இத மட்டும் மேல சொல்லாதீங்க."

"எப்படிம்மா? ரயில்ல வந்தவன் கார்ல திரும்பினா, விதி விதிதான். உங்க ஷெட்டுக்காக நான் மனசாட்சிய விக்க முடியுமா?"

கார் வந்தது. உதய் சட்டென்று மாலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாபு தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாக்கா, சவாரி யாருன்னு சொல்லவே இல்லியே. சாரத்தான் காலைல பெங்களூருலேர்ந்து இட்டாந்து ஸ்டேஷன் பின்னாடி எறக்கி வுட்டேன், ரிட்டனுக்கு அங்கியேதான் காத்துனு கீறேன்."