போன வாரம் பூத்த தோட்டம்

பூச்செடி வளர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. பூவைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று பலகை எழுதி மாட்டுகிற ரகம், பக்கத்து வீட்டில் கேட்காமலே பதியனுக்குக் கிளை ஒடிக்கிற ரகம், செடியோடு நாளெல்லாம் பேசிவிட்டுப் பெண்டாட்டியோடு பேச நேரமில்லாத ரகம். இவர்களால் ஊருக்குப் பெரிய உபத்திரவம் இல்லை, விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு ஆள். வசந்தம் பிறந்து நாலு மொட்டு விரிந்ததும் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தின் நடுவில் நிறுத்தி, நீங்கள் "ஆஹா" என்று வாயைத் திறப்பதற்குள், "அடடா, நீங்க போன வாரம் வந்திருக்கணும்!" என்கிறாரே, அவர்.

உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

எங்கள் தெருவில் இருந்தவருக்குப் போனவாரத்தார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம். குடியிருந்தது வாடகை வீடு. வீட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு மண்தரை. அதில்தான் அவருடைய ரோஜா, டேலியா, சாமந்தி, சுவரேறிப் படர்ந்த காகிதப்பூ எல்லாம். குளிர்காலம் முழுக்கக் குனிந்த முதுகு நிமிராமல் மண்ணைக் கொத்தி, உரம் போட்டு, விடியுமுன் டார்ச் அடித்து நத்தை பொறுக்கி, ஒரு மொட்டு வராதா என்று தவம் கிடப்பார். வந்துவிட்டதோ, போச்சு! விருந்தாளிக்குக் காட்டும்போது முகம் தொங்கிப்போய்விடும்.

"இந்த மஞ்ச ரோஜா இருக்கு பாருங்க, இது இப்ப ஒண்ணுமே இல்ல. செவ்வாக்கிழமை பாத்திருந்தீங்க, மயங்கியே விழுந்திருப்பீங்க."

செவ்வாய்க்கிழமை வந்தவரிடம் என்ன சொன்னாராம்? "இன்னும் ரெண்டு வெயில் அடிக்கட்டும், அப்புறம் வாங்க." அப்படியானால் இந்தத் தோட்டம் என்றைக்குத்தான் பூத்தது? ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சினர் குடும்பத்தோடு வந்திருந்தார். பாவம், அவரும் உதிர்ந்துபோன பூக்களின் வர்ணனையைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மனுஷனுக்குத் தன் தோட்டம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் டீ டம்ளரோடு தனியாக நிற்கும்போது பார்க்க வேண்டுமே! நெஞ்சு அப்படி நிமிர்ந்திருக்கும். யாராவது வந்து நின்றால்தான் நாக்கு புரண்டுவிடும். அவர் குறை சொல்வார், நீங்கள் பதறிப்போய் "ஐயோ, இதுக்கு என்னங்க குறைச்சல்!" என்று மறுக்க வேண்டும். அவர் இன்னும் கொஞ்சம் சொல்வார், நீங்கள் இன்னும் கொஞ்சம் மறுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இந்த விளையாட்டு தெரிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டுச் சொந்தக்கார அம்மாளுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாளின் மகன் புதிதாகக் கார் வாங்கியிருந்தான். அவர்கள் குடியிருந்த வீட்டில் நிறுத்த இடமில்லை. "செடியெல்லாம் புடுங்கிட்டு அங்க சிமென்ட் போடும்மா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அம்மாளுக்கோ பூ என்றால் உயிர். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவனைச் சமாளித்துவிட்டு, சனிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். செய்தி வந்ததிலிருந்து நம்மவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, அந்தம்மா வந்தா நீங்க வாயவே தொறக்காதீங்க. சிரிச்சா போதும்" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சனிக்கிழமை பூத்திருந்ததே ஒரு பூ! இலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அம்மாள் கதவைத் திறந்து ஓரடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இதையா சிமென்ட் போட்டு மூடச் சொல்றான் அந்தப் பய?"

மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காரியம் முடிந்தது. போனவாரத்தார் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் சிரிப்பார்? தாடை வலித்தது, நாக்கு நமநமத்தது.

"இது என்னங்கம்மா, ஒண்ணுமே இல்ல. நீங்க போன வாரம் வந்திருக்கணும்."

"அப்படியா? இப்பவே கண்ணப் பறிக்குதே!"

ஆஹா, எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? ருசி கண்ட நாக்கு நிற்குமா?

"அட, நீங்க வேற! டேலியா பாதி ஓரம் கருகிடுச்சு. ரோஜாவுல பூச்சி விழுந்தாச்சு. காகிதப்பூ ரெண்டு நாள்ல மொத்தமா கொட்டிடும். எல்லாம் முடிஞ்சுதுன்னு வைங்களேன்."

மனைவி பல்லைக் கடித்தார். "அம்மா, இவர் சொல்றதக் காதுல வாங்காதீங்க. கண்ணால பாருங்க."

"நீ சும்மா இரு. இதோடயே கிடக்கறவன் நான், எனக்குத் தெரியாதா?"

அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். அதுவரை பூவைப் பார்த்த கண், இப்போது கருகலைத் தேடியது. தேடினால் கிடைக்காமலா போகும்?

"ஆமா சார், கருகித்தான் இருக்கு. நல்ல வேளை சொன்னீங்க. பூத்து நிக்கற செடியப் புடுங்கணுமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு. முடிஞ்சு போச்சுன்னா மனசுக்கு ஆறுதல். திங்கக்கிழமை கொத்தனார அனுப்பிடறேன்."

போனவாரத்தாருக்கு உலகமே ஆடிப்போயிற்று. "ஐயையோ, அப்படி இல்லம்மா! நல்லாத்தான் இருக்கு! இந்த ரோஜாவப் பாருங்க, இவ்வளவு பெரிய பூ இந்தத் தெருவுலயே கிடையாதும்மா!"

இன்னொருவர் எதிரில் தன் பூவை அவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க நல்ல குணம் எனக்குத் தெரியாதா சார்?"

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். மனைவி இரண்டு ரோஜாவைத் தோண்டித் தொட்டியில் வைத்துச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மற்றதெல்லாம் குப்பை வண்டியில் ஏறிப் போயிற்று. போனவாரத்தார் வாசற்படியில் உட்கார்ந்து, தெரு பார்க்க அழுதார். கேலி செய்ய வந்த நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டில்தான் ஒரு தொட்டிகூடக் கிடையாதே, உங்களுக்கென்ன பயம்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன தடவை விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் பிரமாதம் என்றதும், "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று முந்திக்கொண்டது யார்? உங்கள் மகள் பாடி முடித்து, கைதட்டல் அடங்குவதற்குள், "இன்னிக்கு இவளுக்குத் தொண்டை சரியில்ல, நேத்து கேட்டிருக்கணும் நீங்க" என்றது யார்? அடக்கம் என்றுதானே நினைத்தீர்கள்? அப்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? விருந்தாளி நீங்கள் சொன்னதைத் தெருமுனை தாண்டுவதற்குள் மறந்துவிட்டார். மகள் நம்பிவிட்டாள்.